முச்சை கட்டிக் கொடுத்த கை



எங்கள் வாசிகசாலையின் இந்தக் கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். விடிந்தால் கதவைத் திறப்பதில்லை, பொழுதுபட்ட பிறகே ஒழுங்கைக்கு இறங்குகிறார்கள். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் வீட்டின் பின்பக்கம் போய் இருந்துவிடுகிறார்கள்.

அவர்கள் முன்னாள் போராளிகள். 2009 மே மாதம் எங்கள் நாட்டுப் போர் முடிந்த பிறகு அவர்களைப் போன்ற ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தச்சு, மேசன் வேலை, தையல் என்று தொழில் பழக்கி, கையில் ஒரு பத்திரத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்சுக்குள் கிடந்ததை யார் இறக்கி வைத்தார்கள்? பேசினால் விசாரிக்க ஆள் வருமோ என்று வீடு திரும்பியவர்கள் பயந்தார்கள். நாங்களும் அதே பயத்தில் அவர்கள் வீட்டுப் படலையைத் திறக்காமல் விட்டோம்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்தக் காயத்துக்கு ‘மனவடு’ என்று பெயரிட்டே நூல் எழுதினார். போர் தனி ஆளை மட்டும் உடைக்கவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைத்தது என்று யாழ்ப்பாணத்தில் இருந்தபடி உலகுக்குச் சொன்னவர் அவர். ஊர் உடைந்ததால் வந்த நோய்க்கு ஊரும் சேர்ந்துதான் மருந்து கட்டவேண்டும்.

இது எங்களுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. வியட்னாம் போர் முடிந்தது 1975 இல். அங்கிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் வேதனைக்கு மருத்துவ நூலில் ஒரு பெயர் ஏறியது 1980 இல். ஆனால் 1970 இலேயே நியூயோர்க்கில் அந்த வீரர்கள் தாங்களாகக் கூடி, வட்டமாக இருந்து, கண்டதையும் செய்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நோய்க்குப் பெயர் வருமுன்னரே கூட்டாளிமார் வந்துவிட்டார்கள். தெற்கிலே ஒரு சிங்களத் தாயிடம் ஊன்றுகோலோடு திரும்பிவந்த படைவீரனுக்கும் தேவைப்படுவது இதுதான்.

என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் முன்னாள் போராளி ஒருவர், முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால். வருசக்கணக்காக வேலிக்கு வெளியே அவரை ஒருவரும் பகலில் கண்டதில்லை. ஒரு தை மாதம், வாடைக்காற்று நல்லாய் வீசுகிற பின்னேரம், ஒரு பெடியனின் பட்டம் ஏறுவதும் குத்துவதுமாக நின்றது. வேலிக்கு மேலால் ஒரு குரல்: “தம்பி, முச்சை பிழை. இஞ்சை கொண்டு வா.”

நிலத்தில் இருந்து, பட்டத்தின் முச்சைக் கயிற்றை அவிழ்த்து, விரலால் அளந்து அளந்து திரும்பக் கட்டினார். மூங்கிலை வளைத்து நார் இழுத்து, காற்றில் கூவுகிற விண்ணும் பூட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் அவர் படலையில் ஏழெட்டுப் பிள்ளைகள். மூன்றாம் நாள் பிள்ளைகளோடு வயல்வெளியில் நின்றார். இரவெல்லாம் விண் கூவியது. அவருடைய அம்மா என்னிடம் சொன்னா: “அண்டைக்கு ராத்திரித்தான் பிள்ளை திடுக்கிட்டு எழும்பாமல் நித்திரை கொண்டவன்.”

பட்டம் அவரைக் குணமாக்கியது என்று நான் சொல்லமாட்டேன். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் மருந்து எடுக்கிறார், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பகல் வெளிச்சம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஒருவரும் பழங்கதை கேட்கவில்லை, பிள்ளைகள் முச்சை கட்டத்தான் கேட்டார்கள்.

போராளியாக இருந்த எங்கள் தங்கச்சிமாருக்கு அதுவும் கிடைக்கவில்லை. கலியாணப் பேச்சு வந்தால் ஊரே காதுக்குள் குசுகுசுத்துக் குழப்பிவிடுகிறது. வெங்காய நடுகைக்குக் கூட அவர்களைக் கூப்பிடாத தோட்டங்களை நான் அறிவேன். தாய்மாரே, இது எங்களுடைய குற்றம். அடுத்த நடுகைக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், வரம்பில் பக்கத்தில் இருந்து சேர்ந்து தேத்தண்ணி குடியுங்கள்.

இனி விளையாட்டுக் கழகத்துத் தம்பிமாருக்கு ஒரு வேலை. மாரி மழைக்கு எங்கள் விளையாட்டுத் திடல் முழுக்கப் புல் மண்டிக் கிடக்கிறது. பொங்கலுக்கு முன்னம் செருக்கி முடிக்கவேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சிரமதானம். கழகத்துத் தம்பிமாரே, நீங்கள் தனியே வரவேண்டாம். வருகிற வழியில் பூட்டிக் கிடக்கிற அந்தப் படலையைத் தட்டுங்கள். “அண்ணை, ஆள் காணாது, மண்வெட்டியோடை வாங்கோ” என்று கூப்பிடுங்கள். முதல் ஞாயிறு வராவிட்டால் அடுத்த ஞாயிறும் போய்த் தட்டுங்கள்.