உழவாரத் தொண்டும் நீர்க்களைகளும்



திருநாவுக்கரசு நாயனார் தலந்தோறும் சென்று, உழவாரப் படையால் புல் செதுக்கித் திருமுற்றங்களைத் தூய்மை செய்தார். அத்தொண்டு மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் இன்று பெரிதும் வேண்டற்பாலது.

ஊதாப் பூவுடன் நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரை, தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகைக்கு உரியது. அழகுக்காக மனிதர் கொணர்ந்த செடி. ஏற்ற சூழலில் இரண்டு வாரங்களில் இருமடங்காகப் பெருகும். நீர்ப்பரப்பை மூடி, மீன்களுக்கு வேண்டிய உயிர்வளியைக் குறைக்கும். நீரோட்டத்தைத் தடுத்துக் கொசுக்களுக்கு இடந்தரும். இதன் விதை சேற்றில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்ப்புடன் கிடக்க வல்லது. மரங்களைப் போர்த்தும் மிக்கானியாக் கொடியோ, ரப்பர்த் தோட்டங்களில் மண்மூடு பயிராக வந்தது. அதன் அறுந்த துண்டும் கணுவில் வேர்விடும்.

களைக்கு நஞ்சே தீர்வெனக் கருதப்பட்ட காலத்தில், முதுகில் தொட்டி சுமந்து அதைத் தெளித்தவர்களுள் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர். நகச் சிதைவும் மூக்கில் குருதியும் அவர்கள் கண்ட பயன். முறிமருந்தில்லாத பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது.

ஆதலின், ஆகாயத்தாமரையைப் பூக்குமுன் வாரி எடுத்து, கரையில் நன்கு உலர்த்தி எருவாக்குதல் நலம். மிக்கானியாவை வேரோடு களைந்து, துண்டுகளை ஈரமண்ணில் எறியாது உலர்த்துதல் வேண்டும். மீன்தொட்டிச் செடிகளை ஓடையில் விடுதல் ஆகாது. ஒருமுறை களைந்து ஓய்தலும் போதாது. விதை மீண்டும் முளைக்கும்.

திங்கள்தோறும் நிகழும் ஆலய உழவாரப் பணியில் ஊர்க் கால்வாயும் இடம்பெறுமாயின், அப்பர் பெருமான் காட்டிய தொண்டு மதிலுக்கு வெளியேயும் தழைக்கும்.