திரைக்குப் பின்னால் ஒரு வகுப்பு



இயற்பியல் ஆசிரியர்களும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்களும் கூத்துக் கலைஞர்களும் நாகர்கோவிலில் ஒரே அரங்கில் கூடியிருக்கிறோம். ஒளியையும் ஒலியையும் நிகழ்கலை வழியாகக் கற்பிப்பது நம் பொருள். தலைமை ஏற்றவன் தன் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாவையின் வாயில் அறிவியல் வசனத்தைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கூத்து ஏற்கெனவே ஓர் ஆய்வுக்கூடம். பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனால் போதும்.

வீட்டில் மராத்தி பேசும் கலைஞர் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் தலைமுறைகளாக இராமாயணத்தைத் தோல்பாவைக் கூத்தாகத் தமிழில் நடத்திவருகின்றன. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பதப்படுத்திய ஆட்டுத்தோல் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். அதனால்தான் வெள்ளைத் திரையில் வெறும் கறுப்பு நிழலாக இல்லாமல், தோலில் பூசிய சிவப்பும் பச்சையுமாகப் பாவை தெரிகிறது. திரையோடு ஒட்டிப் பிடித்தால் விளிம்பு கூர்மையாக இருக்கும். விளக்குப் பக்கம் இழுத்தால் உருவம் பெருக்கும், விளிம்பு கலங்கும். விளக்குக்கும் திரைக்கும் 4 அடி, பாவை நடுவில் 2 அடியில் என்று வைத்துக்கொள்வோம். நிழல் இரு மடங்கு. மாணவியே அளவுகோலை எடுத்து அளக்கட்டும்.

இனி விளக்கை மாற்றுங்கள். எண்ணெய் விளக்கு போய் பெட்ரோமாக்ஸ் வந்தது, அதுவும் போய் மின்விளக்கு வந்தது. அதே நடுவிடத்தில் பாவை நின்றால், ஓரங்குல அகலச் சுடருக்கு, நிழலின் விளிம்பில் மங்கலாகப் படரும் புறநிழலும் ஓரங்குலம்தான். 4 அடி டியூப்லைட்டைப் படுக்கையாக வைத்தாலோ புறநிழல் 4 அடிக்குப் பரவி, இராவணனின் பத்துத் தலையும் கரைந்துபோகும். பாடநூலின் வட்டப்படங்களைவிட இது மறக்காது என்பது என் துணிபு.

ஒலிக்கு வில்லுப்பாட்டு. உடுக்கின் இடைக்கயிற்றை இறுக்கினால் தோலின் இழுவிசை ஏறும், சுருதியும் ஏறும். குடத்தின் வாயில் ‘பத்தி’ என்னும் மட்டையால் அடித்தால் உள்ளே இருக்கும் காற்று அதிரும். திடலில் வில்லை வைத்து, 170 மீட்டர் தள்ளிப் பிள்ளைகளை நிறுத்துங்கள். வீசுகோல் நாணில் விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும்; ஓசை அரை வினாடி கழித்து வரும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது. ஆனால் மைக்கை அணைத்துவிட வேண்டும். பக்கத்துக் கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி இருந்தால் கணக்குக் கெட்டுவிடும்.  

புதுப்பொருளை வில் தாங்காது என்று நான் சொல்லவில்லை. இவ்வூர் ஒழுகினசேரியில் பிறந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடியவர். 1987இல் அறிவியல் இயக்கங்கள் நாடெங்கும் நடத்திய கலைப்பயணம் எத்தனையோ பேரை அறிவியலின் பக்கம் திருப்பியது. ஆனால் ஆர்வமூட்டுவது ஒரு வேலை, அளந்தறிவது இன்னொரு வேலை. இரண்டாவதற்குப் பாட்டில் சூத்திரம் வேண்டியதில்லை.

கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் ரசித்தார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள்; எதை அளந்தார்கள், எங்கே தவறினார்கள் என்று சொல்லுங்கள். பள்ளிக்கு அழைக்கும் கலைஞருக்குப் பொன்னாடையோடு நிறுத்தாமல், வருகைதரு பேராசிரியருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தையே கொடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இவ்வவை நிறைவேற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன். பாவைகளும் விளக்கும் பின்னரங்கில் தயார். முதல் அமர்வு அங்கேதான்.