வாழ்க்கைத் திறன் பாடங்களை வகுக்கும் முறை



ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் பாடங்களை எவ்வாறு வகுப்பது என்பதைக் குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990களில் இத்திறன்களைப் பத்தாக வகுத்துரைத்தது. தன்னை அறிதல், பிறர் துயர் உணர்தல், முடிவெடுத்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல் முதலியன அவற்றுள் அடங்கும். பட்டியல் நல்லதே. ஆயினும் அதனைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விப்பது, கிணற்று மேட்டில் அமர்ந்து நீச்சலை ஒப்புவிப்பதை ஒக்கும்.

சினத்தை அடக்குதல் என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கு இப்பாடத்தை ஊர் பல தலைமுறைகளாகக் கற்பித்தே வந்திருக்கிறது, வேறொரு நோக்கத்தோடு. சினத்தை ஆள்வதற்கும் தலைகுனிவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிவாக்காவிடின், பழைய அடிமைப் பாடத்தையே புதுப் பெயரில் நடத்தியவராவோம்.

நான் ஏழாம் வகுப்பில் பயின்ற நாளில், "உதவித்தொகை வாங்குபவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பார் ஆசிரியர். ஒன்பது பேர் எழுவோம். வகுப்பு முழுதும் திரும்பிப் பார்க்கும். எழாவிட்டால் பணமில்லை; எழுந்தாலோ அன்று முழுதும் கேலிப்பேச்சு. எங்களைத் தனியே அழைத்துக் கேட்குமாறு ஆசிரியரிடம் வேண்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வாறு வேண்டுவதற்குரிய சொற்கள் எங்களிடம் இல்லை.

அச்சொற்களைத் தருவதே நம் பாடத்தின் நோக்கமாகட்டும். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 5 நிமிடம் இத்தகைய நிகழ்ச்சியொன்றைக் கதையாகச் சொல்லுங்கள். வேறோர் ஊரில், வேறொரு பிள்ளைக்கு நேர்ந்ததாகவே சொல்லுங்கள். "உனக்கு இப்படி நடந்ததுண்டா?" என்று வகுப்பின் நடுவே ஒருபோதும் கேளாதீர்கள், அதுவும் எழுந்து நிற்கச் சொல்வதே. அடுத்த 15 நிமிடம் பிள்ளைகள் நடித்துக் காட்டட்டும். ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவர். பின்பு இடம் மாறவேண்டும். வாழ்வில் அவ்வாறு எழுந்து நிற்க நேராத பிள்ளைகளுக்கும் அப்பாத்திரத்தைக் கொடுங்கள். என் கருத்தில் அவர்களுக்கே இப்பாடம் மிகுதியும் தேவை.

பின்னர் 10 நிமிடம் விண்ணப்பம் எழுதுதல்: அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், கையொப்பம். எஞ்சிய நேரத்தில், ஆசிரியர் செவிசாய்க்காவிடின் யாரை அணுகுவது என்று பேசுங்கள். தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, 1098 என்னும் சிறுவர் உதவித் தொலைபேசி ஆகியவற்றை அவர்கள் அறியட்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடைசெய்திருப்பதைச் சொல்லுங்கள்.

அடுத்த பாடம் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தல். இணைக்கவேண்டிய தாள்கள் எவை, ஒப்புகைச் சீட்டை ஏன் காத்துவைக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளை இ-சேவை மையத்திற்கே அழைத்துச் சென்று காட்டலாம்.

பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். துணிவைக் கற்பித்துவிட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே முறையிட அனுப்புதல் கொடுமை. விண்ணப்பத்தைப் பிள்ளை எழுதட்டும்; கொடுக்கும்போது நம்மில் ஒருவர் உடன் நிற்கவேண்டும். எவர் செல்வது என்பதை ஆசிரியர் பாடக்குறிப்பு எழுதும் முன்னரே, பள்ளிதோறும் பெயரிட்டு முடிவுசெய்து தாருங்கள்.