உட்காரவும் ஒரு சட்டம் இருக்குதுங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



இன்னைக்குச் சேமிப்பு, வங்கிக் கடன் பற்றி நான் பேசப் போவதில்லை. போன மாதங்களில் சில குழுக்களின் உள்கடன் நோட்டைப் பார்த்தேன். "மருத்துவச் செலவு" என்று எழுதிக் கடன் வாங்கியிருந்தவர்களிடம் என்ன வைத்தியம் என்று விசாரித்தால், "புள்ளைக்குக் கால் வீங்குதுங்க", "நரம்பு சுருட்டிக்கிச்சுங்க", "நீர்க்கடுப்பு விடவே மாட்டேங்குதுங்க" என்று சொல்கிறார்கள். வயசானவர்களுக்கு வருகிற நோவு, இருபது இருபத்திரெண்டு வயசுப் பெண்ணுக்கு. எங்கே வேலை என்று கேட்டால் கோயமுத்தூர் டவுனில் துணிக்கடை, நகைக்கடை, பெரிய பலசரக்குக் கடை.

நம்ம பக்கத்துப் பெண்கள் அன்னூரிலிருந்தும் சூலூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் காலையில் பஸ் ஏறி ஒப்பணக்கார வீதிக்கும் கிராஸ்கட் ரோட்டுக்கும் போகிறார்கள். கடை திறந்ததிலிருந்து இரவு மூடுகிற வரைக்கும் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் இருந்தால் நிற்பது சரி. யாருமே வராத மத்தியான நேரத்திலும் நிற்க வேண்டும். மேசையில் சாய்ந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். தரையில் குந்தினால் கேமராவில் பார்த்துவிட்டு அபராதம் என்கிறார்கள். கழிப்பறைக்குப் போய்வர இத்தனை நிமிஷம்தான் என்று கணக்கு. அதற்குப் பயந்து தண்ணியே குடிப்பதில்லை. தீபாவளிக்கு முந்தின மாதம் வார விடுமுறையும் கிடையாது. ஒரு கடை, ரெண்டு கடை என்று இல்லை. நான் பேசிப் பார்த்த பெண்கள் வேறு வேறு கடைக்காரர்கள், ஆனால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்.

இதைச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார்கள்: "நின்னா என்னங்க? நாங்க காட்டுல பொழுதுக்கும் குனிஞ்சு களை எடுக்கலியா?" நல்ல கேள்விதான். காட்டில் நாம் நடக்கிறோம், குனிகிறோம், நிமிர்கிறோம். வெயில் ஏறினால் வரப்பில் உட்கார்ந்து ஒரு வாய் கூழ் குடிக்கிறோம். காலுக்கு இறங்கின ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதைதான். நடக்கும்போது அது இறுகித் தளர்ந்து பம்பு மாதிரி வேலை செய்யும். நாலடி இடத்தில் அசையாமல் நின்றால் பம்பு ஓடாது, ரத்தம் கீழேயே தேங்கும். ரத்தக் குழாய்க்குள் இருக்கிற சின்னச் சின்ன வால்வு நாளாவட்டத்தில் தளர்ந்துபோகும். கயிறு முறுக்கின மாதிரி நீலமாகப் புடைக்கிறது. பிறகு எத்தனை தைலம் தேய்த்தாலும் அது பழையபடி ஆகாது.

சரி, இதுக்கு யார் என்ன செய்தார்கள்? பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. நம்ம ஒப்பணக்கார வீதி மாதிரி நெரிசல். அங்கே விஜி என்று ஒரு தையல்காரப் பெண். கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உட்கார இடம் இல்லை என்று அவர் 2009-10 வாக்கில் பேச ஆரம்பித்தார். பெண்கள் ஒன்றுசேர்ந்து "பெண்கூட்டு" என்று ஓர் அமைப்பு வைத்தார்கள். நம்ம குழு மாதிரியே, வாரம் ஒருநாள் விடுமுறையில் கூடிப் பேசி வளர்ந்ததுதான். பெரிய தொழிற்சங்கங்கள் அப்போது இந்த நாற்காலி விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளம், போனஸ் என்றால் கொடி பிடிப்பார்கள், பொம்பளைங்க ஒண்ணுக்குப் போறதுக்கு யார் கொடி பிடிப்பது!

2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையில் ஆறு பெண்களைத் தூரத்துக் கிளைகளுக்கு மாற்றினார்கள். சங்கத்தில் சேர்ந்ததால்தான் மாற்றல் என்று சொல்லி, அந்தப் பெண்கள் கடை வாசலிலேயே போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்குள் உட்கார விடாதவர்கள் வாசலில் நூறு நாளைக்கு மேல் அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்தார்கள். அதன்பிறகும் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. 2018-இல்தான் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் வசதி தரவேண்டும் என்று எழுதியது. பேச ஆரம்பித்து எட்டு ஒன்பது வருஷம்.

தமிழ்நாட்டுக்கு அது 2021-இல் வந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைத் தாக்கல் செய்தார். 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. அதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது.

கவனிங்க, "எல்லா ஊழியர்களுக்கும்" என்றுதான் இருக்கிறது. ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு மூலையில் ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டால் போதாது. அதே சமயம், வாடிக்கையாளர் எதிரே நின்று துணி கேட்கும்போதும் உட்கார்ந்தே இருக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகளும் அப்படிக் கேட்கவில்லை.

திருப்பூர் கம்பெனிகளில் செக்கிங் மேசையில் நின்றே வேலை பார்க்கும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இது புதுச் சட்டம் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவிலேயே, நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த வசதி சொல்லப்பட்டிருக்கிறது. எழுபது வருஷத்துக்கு மேல் ஏட்டில் இருந்தும் எத்தனை கம்பெனியில் ஸ்டூல் பார்த்திருக்கிறீர்கள்? கேட்க ஆள் இல்லாத சட்டம் ஏட்டிலேயேதான் கிடக்கும்.

கடைச் சட்டத்தில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது இன்னும் சில இருக்கிறது. வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் ரெட்டிப்புச் சம்பளம். தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை. காரணம் கேட்காமல் அபராதம் பிடிக்கக் கூடாது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குண்டான சம்பளமோ தராமல் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ஆறு மாதம் வேலை செய்ததற்கு நம்மிடம் அத்தாட்சி வேண்டுமே! அடையாள அட்டை, வங்கியில் சம்பளம் ஏறின பாஸ்புக், பி.எஃப். எண், எது கிடைத்தாலும் பத்திரமாக வையுங்க. கையில் ரொக்கமாக வாங்குகிற பெண்ணிடம் தேதியும் தொகையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்க. குழுவில் அஞ்சு ரூபாய் அபராதத்துக்குக்கூட ரசீது கேட்கிறவர்கள் நாம்.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். "ஸ்டூல் கேட்டு வேலை போயிட்டா, தவணை யாருங்க கட்டறது?" என்று போன வாரம் ஒரு தாய் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டுக் கடன் நடக்கிறது. கால் வலிக்குது, நின்னுக்கறேன் என்று அந்தப் பிள்ளை சொன்னால், "தீபாவளி முடியட்டும் கண்ணு, பொங்கல் முடியட்டும் கண்ணு" என்று வீட்டில் சொல்கிறார்கள். முதலாளிக்குப் பயப்படுவதைவிடத் தவணைக்குப் பயப்படுவதுதான் பெரிதாக இருக்கிறது. இதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. வேலை போன வீட்டுக்கு, அல்லது வைத்தியத்துக்காக வேலையை விட்ட பெண்ணின் வீட்டுக்கு, மூணு மாதம் உள்கடனுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும், அசல் பிறகு என்று குழுவில் தீர்மானம் போட முடியும். வங்கிக் கடனை நாம் தள்ளிவைக்க முடியாது. உள்கடன் நம்ம பணம். அந்தத் தைரியம் வீட்டில் இருந்தால்தான் பிள்ளை கடையில் வாய் திறப்பாள்.

அவள் ஒருத்தியாகப் போய்க் கேட்க வேண்டாம். ஒருத்தி கேட்டால் அடுத்த நாளே அவளைக் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். கூட்டமைப்பின் பெயரில், லெட்டர்பேடில், தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனு கொடுப்போம். இன்ன கடைவீதியில் உள்ள கடைகளில் 22-அ பிரிவு நடைமுறையில் இருக்கிறதா என்று ஆய்வு செய்யுங்கள் என்று கேட்போம். எந்தப் பெண்ணின் பெயரும் அதில் இருக்காது. மனு கொடுத்ததும் முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்வோம்.

இன்னொன்று. கல்யாணச் சீலை எடுக்க நாம் பதினைஞ்சு பேர் வண்டி வைத்துப் போகிறோம். ரெண்டு மணி நேரம் நூறு சீலையைப் பிரிக்கச் சொல்கிறோம். ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்று கடைக்காரர்கள் காரணம் சொல்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் நாம்தானே? "நீயும் உட்காரு அம்மணி, உட்கார்ந்தே காட்டு" என்று சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்க. செலவில்லாத காரியம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தாள் எழுதிக்கொண்டு வர வேண்டும். உங்கள் ஊரிலிருந்து எத்தனை பெண்கள் கடைக்கும் கம்பெனிக்கும் போகிறார்கள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறார்கள், உட்கார ஸ்டூல் உண்டா, கழிப்பறைக்கு எத்தனை மாடி ஏற வேண்டும். இவ்வளவு போதும். பெண்ணின் பெயர் எழுத வேண்டாம், கடை இருக்கும் வீதியின் பெயரை மட்டும் எழுதுங்க. எழுதத் தெரியாத குழுவுக்கு ஊக்குநர் உதவி செய்யணும். தாள்களைச் சேர்த்து மனுவோடு இணைத்து, அந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். கூட வருவதற்கு அஞ்சு பேர் இப்போதே பெயர் கொடுங்க. பஸ் செலவு கூட்டமைப்பு நிதியிலிருந்து.