டாக்டர் பட்டத்துக்குப் பிறகும் ஒப்பந்த வேலையா?



“மகன் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டானாமே, இன்னும் நிரந்தர வேலை ஆகவில்லையா?” திருமண வீட்டில் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பெற்றோருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. மகனும் வீட்டில் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டான்.

அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டம் முடித்தவர்களில் பலர் அடுத்து ஏற்பது ‘போஸ்ட்டாக்’ எனும் ஆய்வுப் பணி. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் ‘ரிசர்ச் ஃபெல்லோ’ என்பார்கள். அவர் மாணவர் அல்லர். நிரந்தர ஊழியரும் அல்லர். பெரும்பாலும் ஒரு பேராசிரியருக்குக் கிடைத்த ஆய்வு மானியத்திலிருந்துதான் சம்பளம். அந்த மானியம் தீர்ந்தால் வேலையும் தீரலாம்.

ஒரு பேராசிரியர் தம் பணிக்காலத்தில் பலருக்கு முனைவர் பட்ட வழிகாட்டியாகிறார். அவர் ஓய்வு பெறும்போது காலியாவதோ ஒரே இடம். நெரிசல் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைக்குத் திறமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப் பாருங்கள். 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், உயிரியலுக்கு மாறி மறுபடியும் மாணவரானார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக். அங்கிருந்து அமெரிக்காவில் ஏறக்குறைய 50 இடங்களுக்கு ஆசிரியர் பணி கேட்டு விண்ணப்பித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1983-இல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்தார். 2009-இல் வேதியியல் நோபெல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார். எல்லாருக்கும் நோபெல் காத்திருக்கிறது என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் கைவிரித்தபோது அவர் வேறு கதவைத் தட்டினார், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது. மானியம் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது? ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்? வெளியேறும்போது தம் ஆய்வின் ஒரு பகுதியைக் கொண்டுபோய்ச் சொந்தமாகத் தொடரலாமா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஆனால், உதவிப் பேராசிரியர் நேர்முகத்தில் “உங்கள் சொந்த ஆய்வு எது?” என்றுதான் முதலில் துருவுவார்கள். பேராசிரியரின் யோசனையையே திருப்பிச் சொன்னால் அங்கே எடுபடாது.

கற்பித்தலில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் இடமுண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலையே முதன்மையாகக் கொண்ட பதவிகள் தனியே இருக்கின்றன. அதற்குப் பாடம் நடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும். இரவும் பகலும் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தவர் எதைக் காட்டுவார்? வாரம் ஒரு டியூட்டோரியல் வகுப்பாவது கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பல்கலைக்கழக நியமனங்களுக்குப் பல மாதங்கள் பிடிக்கும். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் விண்ணப்பிக்கத் தொடங்கினால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு விசாக் கெடுவும் அதே நேரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.