தானிய மணிக்குள் ஒரு காவல்

கோதுமை, பார்லி, நெல், மக்காச்சோளம் முதலிய தானியப் பயிர்கள், தம்மைத் தாக்க வரும் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் எதிர்க்கச் சில சிறு புரதங்களைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. எதிர்நுண்ணுயிர்ப் பெப்டைடுகள் என்பது அவற்றின் பெயர்.

இந்தக் காவல் அதிகம் தேவைப்படும் இடம் விதை. மண்ணில் விழுந்து ஈரத்தில் ஊறும் கோதுமை மணிக்குள் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது. வளரப்போகும் முளைக்கு அதுதான் உணவு. மண்ணில் உள்ள பூஞ்சைகளுக்கும் அதே உணவின் மேல்தான் கண். தாவரத்துக்கு ரத்தம் கிடையாது. கிருமியைத் தேடிப் போய் விழுங்கும் வெள்ளணுவும் கிடையாது. ஆகவே எதிர்ப்புப் பொருள் அந்தந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும்.

கோதுமை மாவில் ஈஸ்டுக்கு ஆகாத ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனிக்கப்பட்டது. அது இன்னதென்று தெரிய 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க வேளாண் துறையில் பால்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் மாவிலுள்ள கொழுப்பைப் பெட்ரோலியம் ஈதரில் கரைத்துப் பிரித்தார்கள். கொழுப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு புரதமும் வந்தது. அதைப் படிகமாக்கி எடுத்து, பியூரோதையோனின் என்று பெயரிட்டார்கள். கோதுமையையும் கந்தகத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அமைந்த பெயர் அது. அந்தப் படிகம் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கொல்கிறது என்பது அதே ஆண்டில் தெரியவந்தது. பயிர்நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் இதற்கு மடிகின்றன என்று 1972இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பியூரோதையோனினில் இருப்பவை 45 அமினோ அமிலங்கள். நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51. அதைவிடவும் இது சிறியது. இந்தச் சிறு சங்கிலியில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எட்டு இடங்களில் வருகிறது. எட்டும் இரண்டிரண்டாக இணைந்து நான்கு முடிச்சுகளாகின்றன. முடிச்சுகள் இறுக்கமாக இருப்பதால் சூடு பட்டாலும் இதன் வடிவம் எளிதில் குலைவதில்லை.

இது கிருமியைக் கொல்லும் விதம் எளிமையானது. பெப்டைடில் நேர்மின்னேற்றம் மிகுதி. நுண்ணுயிரின் செல் சவ்வு வெளிப்புறத்தில் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. பெப்டைடு சவ்வில் ஒட்டி அதைச் சிதைக்கிறது. உள்ளேயிருக்கும் பொட்டாசியம் முதலிய உப்புகள் கசிந்து வெளியேற, செல் இறக்கிறது.

அப்படியானால் இதைத் தயாரிக்கும் தாவரச் செல் எப்படித் தப்புகிறது? பியூரோதையோனினை உள்ளடக்கிய தையோனின் வகைப் பெப்டைடு உருவாகும்போது தனியாக உருவாவதில்லை. எதிர்மின்னேற்றம் கொண்ட ஒரு வால்பகுதியும் சேர்ந்தே உருவாகிறது. கத்தியை உறை மூடியிருப்பதுபோல அது தையோனினின் மின்னேற்றத்தை ஈடுசெய்து வைக்கிறது. பின்னரே அது வெட்டி நீக்கப்படுகிறது.

தையோனின் விதையோடு நின்றுவிடுவதில்லை. பார்லி இலையின் செல் சுவர்களிலும் இருக்கிறது. வெளிச்சம் படாமல் இருட்டில் வளரும் பார்லி நாற்றில் இதன் உற்பத்தி அதிகம்; வெளிச்சம் பட்டதும் குறைகிறது. மண்ணுக்குள் இருக்கும் முளைக்குத்தானே ஆபத்தும் அதிகம்.

1990இல் கோதுமையிலும் பார்லியிலும் வேறொரு பெப்டைடு வகை கிடைத்தது. முதலில் அதையும் தையோனின் என்றே எண்ணினார்கள். அதன் முப்பரிமாண வடிவத்தைப் பார்த்தபோது, பூச்சிகளின் உடலில் கிருமிகளை எதிர்க்கும் டிஃபென்சின் என்ற பெப்டைடோடு ஒத்திருந்தது. அதனால் அது தாவர டிஃபென்சின் என்று பெயர் மாற்றம் பெற்றது.

கோதுமையிலுள்ள பியூரோஇண்டோலின் இவற்றைவிடப் பெரிய புரதம். கிருமியை எதிர்ப்பதோடு, மணி எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. மாவுச்சத்துத் துகளின் மேல் அது படிந்திருந்தால் சுற்றியுள்ள புரதம் துகளோடு இறுகப் பிடிப்பதில்லை. அத்தகைய மணி மென்மையாக உடைந்து மாவாகும். பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் ஏற்றது. அந்தப் புரதத்தின் மரபணுவில் மாற்றம் நேர்ந்த கோதுமை கடினமானது. அதை அரைக்கும்போது மாவுச்சத்துத் துகள்களும் அடிபடுகின்றன. அடிபட்ட துகள் தண்ணீரை அதிகம் இழுக்கும். கடினக் கோதுமை மாவைப் பிசையத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு அது ஒரு காரணம். பாஸ்தாவுக்கு ரவை தரும் துரம் கோதுமையில் பியூரோஇண்டோலின் அறவே இல்லை. அதனால்தான் அது எல்லாவற்றிலும் கடினம்.

பார்லியில் கொழுப்பை ஏந்திச் செல்லும் புரதம் ஒன்று உண்டு. அதுவும் பாதுகாப்பு வேலை செய்கிறது. பார்லியை முளைகட்டிக் காய்ச்சிப் பீர் தயாரித்த பிறகும் அது அழிவதில்லை. பீரின் நுரை நிற்பதில் அதற்குப் பங்கு உண்டு. கோதுமையில் இதே வகைப் புரதம், மாவுத் தூசியை நெடுங்காலம் சுவாசிக்கும் பேக்கரித் தொழிலாளர் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டுகிறது.

பியூரோதையோனின் விலங்கின் உடலில் ஊசி வழியே நேரடியாகச் செலுத்தப்பட்டால் நஞ்சு. உணவாக வயிற்றுக்குள் போனால் தீங்கு செய்வதில்லை.

இந்தப் பெப்டைடுகளை ஒரு பயிரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முயற்சிகளும் நடந்துள்ளன. கோதுமையின் பியூரோஇண்டோலினை நெல்லில் சேர்த்தபோது, குலை நோயையும் இலையுறைக் கருகலையும் தாங்கும் திறன் கூடியதாக 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். ஓட்ஸின் தையோனினைப் பெற்ற நெல், விதைவழிப் பரவும் பாக்டீரியா நோய்களைத் தாங்கியதாக 2002இல் ஜப்பானிய ஆய்வு வந்தது.

ஆனாலும் விதையின் சொந்தக் காவல் எல்லா நோய்க்கும் போதாது. வலுவான கிருமிகள் அதையும் மீறி நுழைகின்றன. அதனால்தான் தமிழ்நாட்டு நெல் வயல்களுக்கு, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்து விதைநேர்த்தி செய்த பிறகே விதைக்கும்படி வேளாண் துறையினர் பரிந்துரைக்கிறார்கள்.