மீண்டும் ஒருமுறை கேட்கிறேன்

(பங்கின் உதவிச் சங்க ஆண்டுப் பொதுக்குழுவில், தேர்தலுக்கு முன் சங்கத் தலைவர் ஆற்றிய உரை)

 

மூன்றாண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் என் பெயரை ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், எல்லோரும் கைதட்டினீர்கள். அத்துடன் நான் தலைவர். இன்று மீண்டும் என் வேட்பு மனு செயலர் மேசையில் இருக்கிறது. இம்முறை அந்தக் கைதட்டல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுந்து நிற்கிறேன்.

நம் சங்கத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. விசைத்தறி ஓட்டுபவர், சேகோ ஆலையில் வேலை செய்பவர், லாரி ஓட்டுநர், ஆசிரியை என்று அவரவர் பிழைப்புக்குப் போக மிஞ்சும் நேரத்தில் செய்யும் தொண்டு இது. அதனாலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. “யாரும் வர மாட்டேன் என்கிறார்கள், இவரே இருக்கட்டும்” என்று விட்டுவிடுகிறோம். எதிர்த்து நின்றால் மனத்தாங்கல் வருமே என்று வாய் மூடிக்கொள்கிறோம். அதற்கு ‘ஏகமனதாக’ என்று பெயர் சூட்டி மினிட் புத்தகத்தில் எழுதிவிடுகிறோம். சோம்பலும் கூச்சமும் சேர்ந்தால் அது ஏகமனது ஆகிவிடுமா?

சட்டம் என்னைத் தடுக்கவில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கத்துக்குக் குறைந்தது 3 பேர் கொண்ட குழு வேண்டும்; குழுவினரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது; மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். ஆனால் சட்டம் விடுகிறது என்பதற்காகவே பதவி நமக்குச் சொந்தமாகிவிடாது.

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். காஞ்சிபுரத்துக்கு அருகில் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையை அவை சொல்கின்றன. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போக முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமே இல்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை! நிலமும் கல்வியும் உடையவருக்கே அன்று அந்த வாய்ப்பு இருந்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பதவியையும் கணக்கையும் ஒரே முடிச்சில் கட்டினார்களே, அந்த அறிவை எண்ணிப் பாருங்கள்.

நமக்கு முன்மாதிரியான வின்சென்ட் தே பவுல் சபையைப் பாருங்கள். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிசில் சில மாணவர்கள் கூடி அதைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான பிரெடரிக் ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. முதல் தலைவராக இருந்தவர் அவர்களைவிட மூத்தவரான எம்மானுவேல் பாய்லி. ஓசானாம் ஒருநாளும் அச்சபையின் பொதுத் தலைவராக இருந்ததில்லை. ஆயினும் 1997இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டவர் அவரே. நாற்காலி இல்லாமலே தொண்டு செய்யலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அதே சபையில் அதோல்ப் போதோன் என்பவர் 1886 வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் பொதுத் தலைவராக இருந்தார். இன்றோ அந்தப் பதவிக்கு விதிப்படி 6 ஆண்டுகள்தான். நல்லவரே ஆனாலும் ஒருவரையே நம்பி ஒரு சபை இருக்கக் கூடாது என்ற பாடத்தை இதில் நான் காண்கிறேன்.

அந்தப் பாடத்தை நானும் பட்டுத்தான் படித்தேன். இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரத்தில், நான் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டேன். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கட்டணம் என்ற பட்டியல் என் சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டில் மட்டுமே இருந்தது. செயலருக்கும் தெரியாது, பொருளாளருக்கும் தெரியாது. ஒரு தறித் தொழிலாளியின் மகளுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. அந்தப் பெண் பத்து நாள் பள்ளிக்குப் போகாமல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் மன்னிப்புக் கேட்டபோது, அவள் தாய் கோபிக்கவில்லை. “தலைவரய்யா, நீங்க படுத்துக்கிட்டா சங்கமும் படுத்துக்குங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. சங்கத்தில் பணம் இருந்தது, மனம் இருந்தது. எல்லாம் என் கைக்குள் இருக்க வேண்டும் என்ற என் எண்ணம்தான் குறுக்கே நின்றது.

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லவே இரண்டாம் முறை வாய்ப்புக் கேட்கிறேன். மூன்று வாக்குகள் தருகிறேன். முதலாவது, பட்டியலும் வரவு செலவும் மூவர் கையில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெறுபவர் பெயரை மறைத்து, தொகையை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். வாங்குபவரின் மானமும் கொடுப்பவரின் நம்பிக்கையும் இரண்டுமே காக்கப்பட வேண்டும். இரண்டாவது, வீடு சந்திக்கப் போகும்போது ஒவ்வொரு மூத்தவருடனும் ஓர் இளையவர் போவார். மூன்றாவது, இந்த மூன்றாண்டு முடிந்தால் மூன்றாம் முறை நிற்க மாட்டேன். அன்று எனக்குப் பதிலாக நிற்க இரண்டு பேராவது தயாராக இல்லையென்றால், நான் தோற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இன்று ஒரு தங்கையும் மனுக் கொடுத்திருக்கிறார். அதை யாரும் பகையாக எண்ண வேண்டாம். நான் மகிழ்ச்சியாகவே எண்ணுகிறேன். கையைத் தூக்கச் சொன்னால் முகம் பார்த்துத்தான் தூக்குவோம். ஆகவே சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். வடநாட்டு லோடு போயிருக்கும் நம் ஓட்டுநர் சகோதரர்கள் பலர் இன்று இங்கே இல்லை. அடுத்த தேர்தலாவது அவர்கள் ஊர் திரும்பும் திருநாளை ஒட்டி நடக்கட்டும் என்று இப்போதே தீர்மானம் போடுங்கள்.

நான் வென்றால் மேற்சொன்ன மூன்று வாக்குகளையும் கேட்டு வாங்குங்கள். தோற்றால் அடுத்த ஞாயிறு அந்தச் சிறு நோட்டைப் புதிய தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்வரிசையில் அரிசி மூட்டை தூக்க நிற்பேன். எப்படியும் அந்தப் பிள்ளை ஜூன் முதல் நாள் பள்ளிக்குப் போக வேண்டும். அது ஒன்றே நம் வெற்றி.